பொறியியலிற் கலாநிதி ஆராய்ச்சி: வாய்ப்பும் தெரிவும்

மனித வரலாற்றின் பழைய காலங்களைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் எனப் பெயரிட்டு வழங்குகின்றோம். மன்னர் பெயராலோ போர்களின் பெயராலோ அன்றி, மக்கள் கையாண்ட திரவியங்களின் பெயராலேயே அக்காலங்கள் அறியப்படுதல் சிந்திக்கத்தக்கது. ஒரு சமுதாயம் எதனைச் செய்ய வல்லது என்பதை, அது எப்பொருளை ஆள வல்லது என்பதே பெரிதும் வரையறுத்து வந்துள்ளது. இன்றும் நிலை அதுவே. ஆகாய விமானத்தின் இறக்கை, கணினியின் உள்ளுறுப்பு, மோட்டார் வண்டியை ஓட்டும் மின்கலம், முதியோரின் முழங்காலிற் பொருத்தப்படும் செயற்கை மூட்டு ஆகிய யாவும் புதிய திரவியங்களினாலேயே இயல்வனவாயின. திரவியங்களின் அக அமைப்புக்கும் அவற்றின் இயல்புகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, வேண்டிய இயல்புடைய பொருளை வேண்டியவாறு ஆக்க முயலும் துறையே திரவிய விஞ்ஞானமாகும்.

பேராதனையிலும் மொறட்டுவையிலும் கிளிநொச்சியிலும் பொறியியல் பயின்று வெளியேறும் மாணவரிற் சிலர் இத்துறையில் மேலும் ஆராய்ச்சி செய்ய விரும்புகின்றனர். ஆயின், அவ்விருப்பம் பல வீடுகளில் ஓர் எண்ணத்தினால் முளையிலேயே கருகிவிடுகின்றது. கலாநிதிப் படிப்பு செல்வந்தர்க்கே உரியது, காணியை ஈடுவைத்தன்றி அதனை எண்ணவும் இயலாது என்பதே அவ்வெண்ணம். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பெயர் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அனுமதிக் கடிதம் வந்ததும், செலவு யாருடையது, ஆசிரியர் யார், ஆராயும் பொருள் யாது என்று வினவாமலே கடன்பட்டுப் புறப்படுவோரும் உளர். இவ்விரு தவறுகளுக்கும் மூலம் ஒன்றே. கலாநிதி ஆராய்ச்சியை இன்னொரு பரீட்சையாகக் கருதுதலே அது. உண்மையில் அஃது ஆராய்ச்சித் தொழிலின் முதற் பதவியாகும். தொழில் பழக விரும்புபவன் நல்லாசானையும் நல்ல பட்டறையையும் தேடுமாப்போல அதனைத் தேடல் வேண்டும்.

பொறியியலிற் கலாநிதிப் பட்டம் வழங்கும் வழக்கம் மிகப் பழமையானதன்று. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்கள் சமயம், சட்டம், மருத்துவம், தத்துவம் ஆகிய துறைகளிலேயே நெடுங்காலமாகக் கலாநிதிகளை உருவாக்கி வந்தன. 1899 ஆம் ஆண்டில், பேர்லின் நகரிலிருந்த சார்லொட்டன்பேர்க் தொழில்நுட்ப உயர்கல்லூரி தனது நூற்றாண்டு விழாவைக் கொண்டாடிய வேளையில், பிரசிய மன்னரும் ஜேர்மன் பேரரசருமாகிய இரண்டாம் வில்கெல்ம், பிரசியாவின் தொழில்நுட்ப உயர்கல்லூரிகளுக்குப் பொறியியற் கலாநிதிப் பட்டம் வழங்கும் உரிமையை அளித்தார். பழைய பல்கலைக்கழகங்கள் இதனை மனமுவந்து ஏற்கவில்லை. புதிய பட்டம் இலத்தீனில் அன்றி ஜேர்மன் முறையிலேயே எழுதப்படல் வேண்டும் என்னும் நிபந்தனையும் விதிக்கப்பட்டது. அந்நிபந்தனையின் சுவடு இன்றும் ஜேர்மன் பொறியியலாளரின் பட்டப் பெயரிலே காணப்படுகின்றது. பட்டறையில் உழைப்பவனின் அறிவும் கலாநிதி என்னும் பெயருக்கு உரியதே என்பது அவ்வாண்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

திரவிய விஞ்ஞானம் தனித்துறையாக எழுந்தது இன்னும் அரை நூற்றாண்டு கழித்தேயாம். அதுகாறும் உலோகத்தை ஆராய்பவர் உலோகவியலாளராகவும், மட்பாண்டத்தையும் கண்ணாடியையும் ஆராய்பவர் வேறொரு பகுதியினராகவும், படிகங்களை ஆராய்பவர் பௌதிகவியலாளராகவும் பிரிந்திருந்தனர். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேண் பல்கலைக்கழகம் இவற்றை ஒருங்கிணைத்துத் திரவிய விஞ்ஞானம் என்னும் பெயரிலேயே ஒரு பட்டமேற்படிப்புப் பகுதியை அமைத்தது. 1957 இற் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணிற் செலுத்தியபின், அமெரிக்க அரசாங்கம் இத்துறையின் இன்றியமையாமையை விரைந்து உணர்ந்தது. 1960 இற் கோர்ணெல், பென்சில்வேனியா, நோர்த்வெஸ்டேண் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் அரசாங்கப் பணத்தினால் கூட்டு ஆய்வுகூடங்கள் நிறுவப்பட்டன. புதிய திரவியங்களை ஆக்குதலோடு, இத்துறையிற் கலாநிதிகளின் தொகையைப் பெருக்குதலும் அவற்றின் நோக்கமாயிருந்தது. ஆராய்ச்சி மாணவனுக்கு ஊதியம் கொடுத்துப் பயிற்றுதல் அவன்மீது காட்டும் இரக்கத்தின்பாற்பட்டதன்று; நாட்டுக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்கும் முதலீடே என்னும் கொள்கை இதனால் வேரூன்றியது.

இனி, கலாநிதி ஆராய்ச்சியில் ஒரு மாணவன் செய்வது யாது என்பதை எடுத்துக்காட்டொன்றினால் விளக்குவாம். இரும்புத் தாதில் இரும்பும் ஒட்சிசனும் பிணைந்துள்ளன. ஊதுலையில் நிலக்கரியிலிருந்து பெற்ற கற்கரியை இட்டு எரிக்கும்போது, உண்டாகும் காபனோரொட்சைட்டு அவ்வொட்சிசனைக் கவர்ந்து காபனீரொட்சைட்டாக வெளியேறுகின்றது, இரும்பு எஞ்சுகின்றது. இம்முறையில் ஒரு தொன் உருக்கை ஆக்கும்போது ஏறத்தாழ இரண்டு தொன் காபனீரொட்சைட்டு வளியிற் கலக்கின்றது. மனிதரால் வெளியேற்றப்படும் அவ்வாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு உருக்குத் தொழிலினின்றே வருகின்றது. கற்கரிக்குப் பதிலாக ஐதரசனைப் பயன்படுத்தினால், வெளியேறுவது நீராவியே. சுவீடனின் லூலியோ நகரில் 2020 இல் இதற்கான முன்னோடி ஆலையொன்று இயங்கத் தொடங்கியது. 2021 இல் அங்ஙனம் பெற்ற இரும்பிலிருந்து உருக்கும் ஆக்கப்பட்டது.

கொள்கை எளிது, செய்கை அரிது. ஐதரசன் தாக்கம் வெப்பத்தை உறிஞ்சுவதாகலின், உலையின் வெப்பநிலையைக் காத்தல் கடினமாகின்றது. தாதுருண்டை முழுவதும் ஒரே வேகத்தில் இரும்பாக மாறுவதுமில்லை. இறுதிக் கட்டத்தில், எஞ்சிய ஒட்சைட்டைச் சுற்றி இரும்பு அடர்ந்த படலமாக மூடிக்கொள்ளுமாயின், உள்ளேயுள்ள ஒட்சிசன் திண்மமான இரும்பினூடே மெல்ல மெல்லப் பரவியே வெளிவரல் வேண்டும், தாக்கம் தளர்கின்றது. உருண்டையின் நுண்துளைகள் எத்தகையனவாயின் நீராவி தடையின்றி வெளியேறும்? தாதிலுள்ள கலப்புப் பொருள்கள் எவ்விடத்திற் சென்று தங்குகின்றன? உலக உருக்குத் தொழிலின் எதிர்காலம் என்னும் பெருவினா, இவ்வாறு சுருங்கிச் சுருங்கி, ஒருவன் மூன்று நான்கு ஆண்டுகளில் விடை காணக்கூடிய சிறுவினாவாகின்றது. போளையளவான ஓர் உருண்டையை அவன் பல்லாண்டு நோக்கியிருத்தல் வெளியோர்க்கு விந்தையாகத் தோன்றலாம். பெருவினாவைப் பயனுள்ள சிறுவினாவாகச் சுருக்கக் கற்றலே கலாநிதிப் பயிற்சியின் முதற்படி.

இத்தகைய வினாக்கள் ஆராயப்படும் இடங்களுள் ஒன்று ஜேர்மனியின் டியுசெல்டோவ் நகரிலுள்ள மக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையம். 1917 இல் இரும்பாராய்ச்சிக்கென நிறுவப்பட்ட அந்நிலையம், 2024 இல் ‘நிலைபேறான திரவியங்களுக்கான மக்ஸ் பிளாங்க் நிலையம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. நூறாண்டுக்கு மேலாக ஒரே உலோகத்தின் பெயரைத் தாங்கியிருந்த நிலையம் அப்பெயரைக் களைந்தமை, துறை எத்திசையிற் செல்கின்றது என்பதைக் காட்டும். ஆராய்ச்சி இடம் தேடும் மாணவர் இத்தகைய மாற்றங்களை ஊன்றிக் கவனித்தல் நன்று. புதிய வினாக்கள் தோன்றுமிடத்திலேயே புதிய இடங்களும் தோன்றும்.

வினாவுக்கு அடுத்தபடியாக மதிக்கத்தக்கது கருவி. திரவிய விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகும். எர்வின் மியுல்லர் என்னும் ஜேர்மன் விஞ்ஞானி கூரிய ஊசிமுனையிலுள்ள அணுக்களைத் திரையிலே பெருப்பித்துக் காட்டும் அயன்புல நுணுக்குக்காட்டியை அமைத்தார். 1955 இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், அவரும் அவருடைய கலாநிதி மாணவராகிய இந்தியர் கன்வர் பகதூரும் தங்குதன் ஊசியொன்றைக் குளிரூட்டி நோக்கியபோது, தனித்தனி அணுக்கள் ஒளிப்புள்ளிகளாகத் தெளிந்து தோன்றின. அணுவைத் தனித்துக் கண்ட முதல்வருள் ஒருவர் நம் அயல்நாட்டிலிருந்து சென்ற ஆராய்ச்சி மாணவர் என்பது நம்மவர்க்கு ஊக்கமளிக்கும் செய்தியாகும். 1967 இல் மியுல்லர் குழுவினர், ஊசிமுனையிலிருந்து அணுக்களைக் கழற்றி அவை இன்ன மூலகத்தவை என்று அறியும் கருவியையும் ஆக்கினர். அதன் வழித்தோன்றல்கள் இன்று உலகின் சிறந்த ஆய்வுகூடங்களில் உருக்கின் உள்ளமைப்பை அணுவணுவாக அளக்கின்றன. ஆதலின், ஓரிடத்தைத் தெரியுமுன் அங்கு எக்கருவிகள் உள, அவற்றை மாணவன் தானே இயக்க அனுமதிக்கப்படுவானா என்று கேட்டறிதல் வேண்டும்.

செலவைப் பற்றி இனிக் கூறுவாம். நாடுகளின் முறைகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது, ஆராய்ச்சி மாணவனை ஊழியனாகக் கொள்ளும் முறை. ஜேர்மனியிற் பொறியியற் கலாநிதி மாணவர் பலர் பல்கலைக்கழகத்திலோ ஆராய்ச்சி நிலையத்திலோ ஒப்பந்த அடிப்படையில் வேலைபார்ப்போர். அரசாங்கச் சம்பளத் திட்டத்தின்படி ஊதியம் பெறுவர். பதவி முழுநேரமா, அரைநேரமா என்பது இடத்துக்கிடம் வேறுபடும். அதனை ஒப்பந்தத்திலே நோக்கல் வேண்டும். ஒல்லாந்திலும் கலாநிதி மாணவர் பெரும்பாலும் நான்காண்டு ஒப்பந்தத்தில் ஊழியராகவே அமர்த்தப்படுகின்றனர். சுவீடனிற் கலாநிதிப் படிப்புக்குக் கட்டணமே இல்லை. ஐந்திலொரு பங்கு காலம் வரை கற்பித்தலில் ஈடுபடுவோர்க்கு நான்காண்டு ஐந்தாண்டாக நீளும். இந்நாடுகளில் வெற்றிடங்கள் வேலை விளம்பரம் போலவே அறிவிக்கப்படும். பெரும்பாலும் முதுமாணிப் பட்டம் எதிர்பார்க்கப்படும்.

ஐரோப்பிய ஒன்றியம் மரீ கியூரி அம்மையாரின் பெயரால் நடத்தும் கலாநிதிப் பயிற்சிக் குழாங்களும் இவ்வகையினவே. எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆயின், ஆட்சேர்ப்புக்கு முந்திய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்நாட்டிலே வசித்தவர் அந்நாட்டு இடத்துக்குத் தகுதியற்றவராவர். மாணவர் இடம் பெயர்ந்து பயிலல் வேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து. ஆகவே, ஒரு நாட்டிலே முதுமாணிப் படிப்பை முடித்து அங்கேயே தங்கியிருப்பவரைத் தடுக்கும் விதி, இலங்கையிலிருந்து நேரே விண்ணப்பிப்பவர்க்குத் தடையாவதில்லை. இதனை அறியாது முதலிற் பெருங்கடன் பட்டு முதுமாணிப் படிப்புக்குச் சென்றவர், தாம் சென்ற நாட்டிலேயே இவ்வாய்ப்பை இழத்தல் கூடும்.

இரண்டாவது, புலமைப்பரிசில் முறை. பிரித்தானியாவில் ஆராய்ச்சிச் சபைகளும் பல்கலைக்கழகங்களும் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஏற்கும் இடங்களை வழங்குகின்றன. பெரும்பாலும் அவை மூன்றரை அல்லது நான்கு ஆண்டுக் காலத்தன. ஆராய்ச்சிச் சபைகளின் இடங்கள் முன்னர்ப் பெரும்பாலும் உள்நாட்டவர்க்கே உரியனவாயிருந்தன. 2021 முதல் நூற்றுக்கு முப்பது வரை வெளிநாட்டவர்க்கும் திறக்கப்பட்டன. 1959 இல் ஒக்ஸ்போட் மாநாட்டில் வகுக்கப்பட்ட பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டமும், யப்பானியக் கல்வி அமைச்சு தூதரகங்கள் வழியாக வழங்கும் ஆராய்ச்சிப் புலமைப்பரிசிலும், ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் உதவிகளும் இவ்வகையைச் சார்ந்தவை.

மூன்றாவது அமெரிக்க முறை. அங்கு முதுமாணிப் பட்டமின்றியும், நான்காண்டுப் பொறியியற் பட்டத்தோடு நேரே கலாநிதி வகுப்பிற் சேரலாம். முதல் ஓரிரு ஆண்டுகள் பாடங்களைப் பயின்று தகுதிப் பரீட்சையொன்றில் தேறிய பின்னரே ஆராய்ச்சி முழுமையாகத் தொடங்கும். ஐந்தாண்டோ அதற்கு மேலோ செல்லும். பொறியியற் பகுதிகள் நல்ல மாணவரைக் கற்பித்தல் உதவியாளராகவோ ஆராய்ச்சி உதவியாளராகவோ ஏற்றுக் கட்டணத்தை நீக்கி உதவிப்பணமும் அளிப்பது வழக்கம். விண்ணப்பங்கள் பெரும்பாலும் மார்கழி மாதத்தையொட்டி முடிவடைகின்றன. இம்மூன்று முறைகளிலிருந்தும் பெறப்படும் விதி ஒன்றுண்டு. பொறியியலிலும் திரவிய விஞ்ஞானத்திலும், யாரும் பொருள் உதவாத கலாநிதி இடத்தை ஏற்குமுன் பன்முறை எண்ணல் வேண்டும். தன் பணத்தையே செலவிட்டுச் செல்பவன் நல்லாராய்ச்சி செய்யமாட்டான் என்பது இதன் கருத்தன்று. ஆய்வுக்குப் பொருள் திரட்டியிராத ஆசிரியரிடம் கருவி நேரமும் மூலப்பொருளும் உதவியாளரும் அரிதாகவே கிட்டும் என்பதே கருத்து.

பல்கலைக்கழகத்தின் பெயரினும் மேற்பார்வையாளரின் தன்மையே மாணவனின் வாழ்வை மிகுதியாகத் தீர்மானிக்கும். இதனை அறிதற்கு வழி உண்டு. அவருடைய முன்னைய மாணவர்கள் எத்தனை ஆண்டுகளிற் பட்டம் பெற்றனர்? பட்டம் பெறாது விலகியோர் உளரா? அவர்தம் ஆய்வுக் கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலிடம் பெறுகின்றதா? பட்டம் பெற்றோர் இன்று எங்கே தொழில் புரிகின்றனர்? இவ்வினாக்களைத் தற்போதைய மாணவரிடம் பணிவோடு கேட்பதில் இழுக்கொன்றுமில்லை. அவ்வாறு கேட்பதை விரும்பாத ஆசிரியரிடம் சேராதிருத்தலே நன்று.

ஆசிரியர்க்கு எழுதும் முதற்கடிதம் பற்றியும் ஒருவார்த்தை. தம்மைப் புகழ்ந்தும் அவரைப் புகழ்ந்தும் நூறு பேர்க்கு ஒரே கடிதத்தை அனுப்புதல் வீண்முயற்சி. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றையேனும் கருத்தூன்றிப் படித்து, அதில் விடைபெறாது எஞ்சிய வினா ஒன்றைச் சுட்டி, அதனை ஆராயத் தாம் பெற்றுள்ள பயிற்சி யாது என்பதைப் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதுதல் போதும். இறுதியாண்டு ஆய்வுச் செயற்றிட்டத்தைச் செம்மையாகச் செய்து, அதில் நேர்ந்த இடர்களையும் விளக்கவல்ல மாணவன், உயர்ந்த புள்ளிகளை மட்டும் காட்டுவோனிலும் பெரிதும் மதிக்கப்படுவான். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்க்குப் போதிய காலம் கொடுத்தலும் வேண்டும்.

பட்டம் பெற்றபின் வழி இரண்டாகப் பிரிகின்றது. தொழிற்சாலை ஆய்வுகூடங்களுக்குச் செல்வோர் ஒருசாரார். பல்கலைக்கழக வழியை நாடுவோர், சில ஆண்டுகள் வேறோர் ஆய்வுகூடத்தில் ஒப்பந்த ஆராய்ச்சியாளராகப் பணிபுரிதல் வழக்கம். 1953 இல் மீண்டும் நிறுவப்பட்ட அலெக்சாண்டர் வொன் கும்போல்ட் மன்றம், பட்டம் பெற்று நான்காண்டுகளுக்கு உட்பட்ட வெளிநாட்டறிஞர்க்கு ஆறு முதல் இருபத்துநான்கு மாதங்கள் வரை ஜேர்மனியில் ஆராய உதவுகின்றது. கணித மேதை எம்மி நொய்தர் அம்மையாரின் பெயரால் ஜேர்மன் ஆராய்ச்சி மன்றம் நடத்தும் திட்டம், இளம் ஆராய்ச்சியாளர்க்கு ஆறாண்டுகள் சொந்தக் குழுவொன்றை நடத்தும் பொருளுதவியை அளிக்கின்றது. இவை ஒளிமிக்க பக்கம். இருண்ட பக்கமும் உண்டு. ஜேர்மனியில் 2007 ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்த ஆராய்ச்சிப் பதவிகளுக்குப் பட்டத்துக்கு முன் ஆறாண்டும் பின் ஆறாண்டும் என எல்லை வகுத்தது. அதற்குள் நிலையான பதவியை அடையாதோர் பலர், நடுவயதில் வேறுவழி தேட நேர்ந்துள்ளது. பேராசிரியர் பதவிகள் மிகச் சில; அவற்றை நாடுவோர் பலர். இதனை அறிந்தே இவ்வழியிற் புகுதல் வேண்டும். பொறியியலாளர்க்கு ஓர் ஆறுதல் உண்டு: பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் அவர் பயிற்சிக்கு மதிப்புண்டு.

கலாநிதி ஆய்வின் தலைப்பு வாழ்நாள் முழுவதையும் கட்டிப்போடும் என அஞ்ச வேண்டுவதில்லை. ரொசலின்ட் பிராங்ளின் அம்மையார் 1945 இற் கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்டம் பெற்றது நிலக்கரியின் நுண்துளைகள் பற்றிய ஆராய்ச்சிக்காகவே. பின்னர்ப் பாரிசிற் காபன் வகைகளை ஊடுகதிர்களால் ஆராய்ந்து பெற்ற தேர்ச்சியே, உயிரின் மரபுப் பொருளாகிய டீ.என்.ஏ.யின் அமைப்பை வெளிப்படுத்திய படங்களை எடுக்க அவருக்கு உதவியது. கோன்ஸ்ரன்ரின் நொவோசெலோவ் ஒல்லாந்தில் ஆந்திரே கெயிமிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து, ஆசானைப் பின்பற்றி மான்செஸ்டர் சென்றார். அவர்கள் 2004 இல், காரீயக் கட்டியின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து உரித்து, ஓர் அணுப் படையளவே தடிப்புள்ள கிராபீனைப் பிரித்தெடுத்த முறையை வெளியிட்டனர். 2010 இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். அப்போது நொவோசெலோவின் வயது 36.

காரீயம் என்றதும் நம் நாடு நினைவுக்கு வருதல் இயல்பு. போகலையிலும் கஹட்டகஹவிலும் நிலத்தடியிலே நாளங்களாகக் கிடைக்கும் காரீயம், அதன் தூய்மையினால் உலகப் புகழ் பெற்றது. புல்மோட்டைக் கடற்கரை மணலில் தைத்தானியம் செறிந்த இல்மனைற்று உண்டு. இவை நெடுங்காலமாகப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளன. மண்ணை விற்பதற்கும் மண்ணிலிருந்து ஆக்கிய பொருளை விற்பதற்கும் இடையிலுள்ள விலை வேறுபாடு அறிவின் விலையேயாகும். அவ்வறிவு ஒரு நாட்டுக்கு இரவலாகக் கிட்டாது. பயின்றவர் வழியாகவே வரும். வெளிநாடு சென்று பயில்வோர் அனைவரும் மீள்வர் என எதிர்பார்த்தல் இயலாது. மீள்வோர்க்கு ஏற்ற ஆய்வுகூடங்களை ஆக்கும் கடன் நாட்டினுடையது. எனினும், செல்பவர் எங்கிருந்தாலும் பின்வருவோர்க்கு வழிகாட்டலாம். தம் கருவிகளில் நம் மண்ணின் மாதிரிகளையும் ஆராயலாம்.

ஆகவே, ஆராய்ச்சி வேட்கையுள்ள மாணவர் முதலிலே தம்மை உசாவிக்கொள்வாராக: விடை தெரியாத ஒரு வினாவோடு நாலைந்து ஆண்டுகள் சலியாது வாழ எனக்கு மனம் உண்டா? பெயருக்கு முன்னால் ஒட்டும் பட்டத்துக்காகவே செல்பவர்க்கு அவ்வாண்டுகள் பெருஞ்சுமையாகும். மனம் உண்டென்று துணிந்தவர்க்குப் பணமின்மை பெருந்தடையன்று. வினாவைத் தேர்ந்து, ஆசானைத் தேர்ந்து, கருவியை அறிந்து, ஒப்பந்தத்தைப் படித்து, உரிய காலத்தில் விண்ணப்பிப்பவரின் உழைப்புக்கு ஊதியம் அளிக்கும் ஆய்வுகூடங்கள் உலகிற் பல உள.